காலத்தைத் திட்டும் கண்ணாயிரம்

இந்த ஆசாமியை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தலையாட்டாதீர்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துகொண்டு, "முன்னெல்லாம் கல்யாணம்னா ஊரே கூடி சமைக்கும்" என்று ஆரம்பிப்பாரே, அவர்தான். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடித்து, ஏறி உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்கிற சுகத்தில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பஸ் வந்த பிறகுதான் மனிதன் சோம்பேறியானான் என்று பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறவரிடம் விளக்குவாரே, அவரேதான். இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. காலத்தைச் சாடியே காலம் தள்ளுவதால் நாம் காலஞ்சாடி என்று வைத்துக்கொள்வோம்.

காலஞ்சாடியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஊருக்குள் எந்தப் புது இயந்திரம் வந்தாலும் முதல் ஆளாக வாங்குவார். வாங்கிய அன்றே அதைத் திட்டத் தொடங்குவார். திட்டிக்கொண்டே துடைப்பார், உறை போடுவார், பிள்ளைகள் கை வைத்தால் கத்துவார். விட்டொழிக்க மட்டும் மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் சங்கராபுரத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். பெயர் கண்ணாயிரம். வடக்கனந்தல் பக்கம் கரும்பும் நெல்லும் விளைகிற நிலம், சங்கராபுரத்தில் மாடி வைத்த வீடு, மனைவி கொளஞ்சியம்மாள், ஒரே மகள் பச்சையம்மாள். தெருவில் எல்லோரும் பெண்களுக்கு சினிமா நடிகைகளின் பெயரை வைத்துக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் குலதெய்வத்தின் பெயரை வைத்தார். பள்ளிக்கூடத்தில் மகள் பட்ட பாட்டைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

அந்தத் தெருவுக்கு முதலில் கிரைண்டர் வந்தது அவர் வீட்டுக்குத்தான். "இனிமே பொம்பளைங்க கையில வலுவே இருக்காது. ஆட்டுக்கல்லு மாவு ருசி இதுல வருமா?" என்றார், ஏழாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"அப்ப நாளைலேர்ந்து நீங்க ஆட்டுக்கல்லுல ஆட்டுங்க. ஆம்பளைங்க கையிலயாவது வலு இருக்கட்டும்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அவர் எட்டாவது இட்லி கேட்டார்.

டிவியும் முதலில் அங்கேதான் வந்தது. ஆண்டெனாவைக் கோயில் கொடிமரம் போல மாடியில் நட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்திச் சாமித் தொடர் பார்க்கத் தெருவே அவர் கூடத்தில் கூடும். நடுவில் போட்ட பிரம்பு நாற்காலியில் அவர் மட்டும். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் சாமிகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவர்தான் எல்லோருக்கும் சொல்லுவார். தொடர் முடிந்து விளம்பரமும் முடிந்த பிறகு எழுந்து நின்று துண்டை உதறிக்கொண்டு, "இந்தப் பொட்டி வந்த பெறவு மனுஷன் மனுஷன்கூட பேசறதே நின்னு போச்சு" என்பார். நடுவில் யாராவது பேசியிருந்தால் "உஸ்!" என்று அடக்கியதும் அவரேதான்.

மொபெட் வாங்கினார். தெருமுனையில் வெற்றிலை வாங்க மொபெட்டில் போய், இறங்காமலே, "இப்பெல்லாம் எவன்யா நடக்கறான்?" என்று கடைக்காரரிடம் வருத்தப்பட்டார். மாலையானால் மாடியில் நின்று, மேற்கே நீலமாகத் தெரிகிற கல்வராயன் மலையைக் காட்டி, "அதோ, அங்க கரண்டு இல்ல, பஸ்ஸு இல்ல, எம்மாம் நிம்மதியா இருக்காங்க பாரு" என்று பெருமூச்சு விடுவார். மலையிலிருந்து புளி கொண்டுவந்து விற்கும் சின்னப்பொண்ணுவிடமும் ஒருநாள் இதைச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஊருக்கு எப்பங்க லைட்டு போடுவாங்க? ஆபீசுல கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

ஆனால் அவருடைய முழுக் கோபமும் டெலிபோன் மேல்தான். "அந்தக் காலத்துல மனசும் மனசும் பேசிக்கும். ஒருத்தன் அங்க நெனச்சா இங்க ஒருத்தனுக்கு விக்கும். இப்ப நடுவுல கம்பிய இழுத்து வுட்டுட்டான். பாசம் எல்லாம் கம்பியில ஒழுகிப் போயிடுச்சு" என்பார். பக்கத்து வீட்டு அறிவியல் வாத்தியார் சேவியர்ராஜ் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்படுவார். ஏனென்றால், வீட்டுக்கு டெலிபோன் வேண்டும் என்று கண்ணாயிரம் இரண்டு வருஷத்துக்கு முன்பே எழுதிப்போட்டுக் காத்திருந்தது வாத்தியாருக்குத் தெரியும்.

"எதிரிய பக்கத்துல வெச்சிக்கினாத்தான் வாத்தியாரே கண்காணிக்க முடியும்" என்று ஒருநாள் அதற்கும் விளக்கம் வந்தது.

இப்படிப்பட்டவரின் மகளுக்குக் கிடைத்தது என்ன வேலை தெரியுமா? டெலிபோன் ஆபரேட்டர்.

பச்சையம்மாள் பரீட்சை எழுதி, கடலூரில் பயிற்சி முடித்து, சங்கராபுரம் எக்ஸ்சேஞ்சிலேயே சேரும்படி உத்தரவும் வாங்கிவிட்டாள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் ஆபீஸ். கண்ணாயிரம் குறுக்கே நின்றார்.

"காதுல கம்பிய மாட்டிக்கினு ஊரான் வூட்டு சமாச்சாரத்த ஒட்டுக் கேக்கறதெல்லாம் ஒரு வேலையா?"

"ஒட்டுக் கேக்கறது இல்லப்பா. சேத்து வுடறது."

"இன்னாத்த சேத்து வுடுவ?"

"பேசணும்னு இருக்கறவங்கள."

பதில் தோன்றாதபோது காலஞ்சாடிகள் செய்வதைச் செய்தார். குரலை உயர்த்தி, "காலம் கெட்டுப்போச்சு" என்றார். சேருவதற்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் மகள் பக்கம். திருக்கோவிலூரில் அக்கா பேத்திக்குக் காது குத்து; அதற்குப் புறப்பட்டவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "நான் திரும்பி வர்றதுக்குள்ள அவள வேலையில சேத்து வுடுங்க. இல்லாட்டி நான் அங்கியே இருந்துடுவேன்" என்றாள்.

"வந்தா வா, வராட்டிப் போ" என்றார் கண்ணாயிரம்.

கொளஞ்சியம்மாள் பஸ் ஏறினாள். மறுநாள் பஸ் நின்றுவிட்டது.

அந்த செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் ஆரம்பமானது. படிப்பிலும் உத்தியோகத்திலும் தங்களுக்குரிய பங்கைக் கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். புளியமரங்களும் வேலமரங்களும் வெட்டப்பட்டுக் குறுக்கே சாய்ந்தன. கள்ளக்குறிச்சிக்கு வழியில்லை, திருக்கோவிலூருக்கு வழியில்லை, எங்கேயும் வழியில்லை.

முதல் நாள் கண்ணாயிரத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஹாரன் சத்தம் இல்லை, புகை இல்லை. கடைவீதிச் சாலையின் நட்டநடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். டீக்கடையில் நின்று, "பாத்தீங்களா, எங்க காலம் திரும்பி வந்துடுச்சு! இனிமே மனுஷன் மனுஷன் மூஞ்சியப் பாத்துப் பேசுவான்" என்று அறிவித்தார்.

இரண்டாம் நாள் பேப்பர் வரவில்லை. எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்ததில் கரண்ட்டும் போய்விட்டது. கண்ணாயிரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அதைத் துடைத்தார். மின்விசிறி சுற்றாததால் கொசு வந்தது. இட்லி மாவு இல்லை. கிரைண்டர் ஓடாது, ஆட்டுக்கல்லை இரண்டு வருஷத்துக்கு முன் தோட்டத்துக் கிணற்றடியில் கவிழ்த்துப் போட்டதே அவர்தான். பச்சையம்மாள் கஞ்சி வைத்தாள். "பழைய சாப்பாடு எவ்வளவு நல்லாயிருக்கு இல்லப்பா?" என்று முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் ஊறுகாயைக் கேட்டு வாங்கினார்.

மூன்றாம் நாள் சிரிக்க முடியாத செய்திகள் வந்தன. அங்கங்கே போலீஸ், துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போய்விட்டன என்று. எது நிஜம், எது வதந்தி? யாருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் ஒருவர் திருக்கோவிலூர் என்றார்; இன்னொருவர் இல்லை, விழுப்புரம் பக்கம் என்றார். கண்ணாயிரம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"அப்பா, எக்ஸ்சேஞ்சுல பேட்டரியில போன் ஓடுது. திருக்கோவிலூர் லைன் இருக்குதாம். அம்மாவுக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டுப் பாக்கலாம். பெரியம்மா வூட்டு எதிர அரிசி மண்டியில போன் இருக்குது" என்றாள் பச்சையம்மாள்.

"இன்னாத்துக்கு? மனசும் மனசும் பேசிக்கும். ஒங்கம்மா நல்லாத்தான் இருப்பா. எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியவில்லை. மனசு ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தது: வந்தா வா, வராட்டிப் போ. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுவாகவே ஆகிவிட்டால்? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சும்மா காத்து வாங்கிட்டு வரேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் சாலையில் விட்டார்.

ஊர் எல்லை தாண்டியதும் பெரிய புளியமரம் சாலையை அடைத்துப் படுத்திருந்தது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவருடைய தம்பி மகன் அன்புச்செல்வனும் இருந்தான். பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறவன்.

"எங்க பெரிப்பா கெளம்பிட்ட?"

"திருக்கோவிலூருக்குடா. ஒங்க பெரிம்மா அங்க மாட்டிக்கினா. ஓரமா கொஞ்சம் வழி வுடு."

"வண்டி எதையும் வுடக்கூடாதுன்னு முடிவு பெரிப்பா. ஒனக்குன்னு வுட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நடந்து போறவங்கள நாங்க தடுக்கல."

"இம்மாந் தொலைவு நடக்கறதா?"

"நீதான சொல்லுவ, ஒங்க காலத்துல திருவண்ணாமலைக்கே நடந்து போனம்னு!"

மரத்தின் மேலிருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாயிரத்துக்கு ரோஷம் வந்தது. "காலத்தக் கெடுக்கறதே நீங்கதாண்டா. படிச்சு ஆபீசுல ஃபேனுக்கு அடியில குந்தணும்னு ஏன்டா அலையறீங்க? மண்ணப் பாத்துக்கினு நிம்மதியா இருக்கலாம் இல்ல?"

அன்புச்செல்வன் மரத்திலிருந்து இறங்கி அருகில் வந்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது. "பெரிப்பா, நீ எல்லாத்தையும் வூட்ல வாங்கி வெச்சிக்கினு இந்தக் காலம் வேணாம்ங்கற. நாங்க இன்னும் உள்ளயே வரல. அதுல எங்களுக்கும் எடம் குடுங்கன்னுதான் ரோட்டுல குந்திக்கினு இருக்கோம்."

கண்ணாயிரம் அவனைப் பார்த்தார். பிறகு மொபெட்டின் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, "வண்டிய வெயில்ல வுடாதடா" என்று மட்டும் சொல்லி மரத்தைத் தாண்டிக் குதித்தார். குதித்தார் என்பது மரியாதைக்காகச் சொன்னது. நான்கு பேர் தூக்கி இறக்கிவிட்டார்கள்.

நடந்தார். முதல் மைல் கல் வரை கம்பீரமாகவே நடந்தார். அதற்கப்புறம் செருப்பு கடித்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தால் தார்ச்சாலை சுட்டது. ஓரமாக நடந்தால் முள். திருவண்ணாமலைக்கு நடந்த கதை நிஜம்தான். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது, வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல், பாதி தூரம் யாரோ ஒருவருடைய வண்டியில் தொற்றிக்கொண்டார் என்பதெல்லாம் கதையிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டன. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார்.

வயல்வழியாகச் சங்கராபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டிக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டார். மாட்டு வண்டி! அதன் சுகத்தைப் பற்றிக் கண்ணாயிரம் எத்தனை மாலைகள் பேசியிருக்கிறார். சலங்கை ஒலி என்ன, ஆடி அசைந்து போகிற அழகு என்ன! இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பு ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் போனார்கள்.

"மெதுவா ஓட்டட்டுங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"வேகமா ஓட்டுப்பா, போய்ச் சேரணும். ஐயோ! வேணாம், மெதுவாவே ஓட்டு."

ஊருக்குள் வந்ததும் வண்டிக்காரர் வீடு எது என்று கேட்டார். கண்ணாயிரம் இடமும் வலமும் பார்த்துவிட்டு, "எக்ஸ்சேஞ்சுகிட்ட எறக்கி வுட்டுடு" என்றார், தாழ்ந்த குரலில்.

அங்கே ஊரே வரிசையில் நின்றது. ஆஸ்டலில் இருக்கும் பிள்ளை, பிரசவத்துக்குப் போன மகள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தம்பி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர், ஒரு பெயர். முன்னால் சேவியர்ராஜ் வாத்தியார். மகன் பிரிட்டோ கள்ளக்குறிச்சியில் தங்கிப் படிக்கிறான்.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்றார் வாத்தியார்.

"அந்த டெலிபோன் விண்ணப்பம் இன்னாச்சுன்னு கேக்கலாம்னு..."

"அப்படிங்களா? என் முன்னாடி வந்து நில்லுங்க. விண்ணப்பம் ரொம்ப அவசரம் போலத் தெரியுது."

ஜன்னல் கம்பிக்கு நடுவே கை நுழைகிற அளவு ஓட்டை. உள்ளே இருட்டு. குனிந்தால் இடுப்பு வலித்ததால் கண்ணாயிரம் நின்றபடியே காத்திருந்தார்.

"என்ன கால் வேணுங்க?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

வலியில் இருந்தவருக்கு வேறு நினைப்பில்லை. "ரெண்டு காலும்தாம்மா. வலதுகால்தான் ஜாஸ்தி" என்றார்.

வரிசை முழுக்க மூன்று நாள் கழித்துச் சிரித்தது. உள்ளேயும் யாரோ சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது.

"எந்த ஊருக்குங்க?"

"திருக்கோவிலூரு. அரிசி மண்டி. எதிர் வூட்ல கொளஞ்சியம்மான்னு..."

"அவங்க உங்களுக்கு என்ன வேணுங்க?"

"என் சம்சாரம்."

"ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா? லைட்னிங்னா உடனே கெடைக்கும், ஆனா காசு பல மடங்கு. மனசும் மனசும் பேசிக்கறதுன்னா இலவசம்."

கண்ணாயிரம் இடுப்பைப் பொருட்படுத்தாமல் குனிந்தார். உள்ளே, காதில் கம்பியை மாட்டிக்கொண்டு, முன்னால் கம்பி கம்பியாய்த் தொங்கும் பலகையோடு பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். பஸ் இல்லாததால் வெளியூர் ஆபரேட்டர்கள் யாரும் வரவில்லை. இரவும் பகலும் தனியாக விழித்திருந்த பெரியவர், உத்தரவோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு நாற்காலியைக் கொடுத்துவிட்டாராம். அப்பா காற்று வாங்கப் போன நேரத்தில் மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

திட்டுவார் என்று பச்சையம்மாள் காத்திருந்தாள். வரிசையும் காத்திருந்தது.

"லைட்னிங்கே போடும்மா" என்றார் கண்ணாயிரம்.

கொஞ்ச நேரத்தில் மூலையில் இருந்த மரக்கூண்டுக்குள் மணி அடித்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தி என்ன பயன்? திருக்கோவிலூருக்குக் கம்பி இல்லாமலே கேட்கும்படியான குரலில், "கொளஞ்சி! கொளஞ்சி! நீ நல்லாக்கிறியா?" என்று கத்தினார்.

அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. "யாருங்க பேசறது?"

"நான்தான்! நான்தான் பேசறேன்!"

"நான்னா யாரு?"

"ஒன் வூட்டுக்காரன்! சாப்டியா? ஒடம்பு எப்படிக்குது? தூக்கம் வருதா? அங்க ஒண்ணும் கலாட்டா இல்லையே? நீ வெளியில எங்கியும் போவாத. நான் அன்னிக்கு சொன்னத மனசுல வெச்சிக்காத கொளஞ்சி. நீ இல்லாம வூடு வூடாவே இல்ல!"

பிறகு கொளஞ்சியம்மாளின் குரல், சந்தேகத்தோடு: "இந்தாங்க, யாரா இருந்தாலும் வெளையாடாதீங்க. எங்க வூட்டுக்காரரு இப்படில்லாம் பேசமாட்டாரு."

பலகையில் இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் காதுக் கம்பியைக் கழற்ற மறந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அப்பாவும் அம்மாவும் பேசுவதைக் கேட்கிறாள். காபி கொண்டா, வேட்டி எங்கே, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா. அவ்வளவுதான். ஒரே கூரைக்குக் கீழே வராத வார்த்தைகள் ஒரு மெல்லிய கம்பி வழியாக வந்துகொண்டிருந்தன. கம்பியில் பாசம் ஒழுகும் என்று அப்பா சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. எந்தப் பக்கம் ஒழுகும் என்பதில்தான் தப்பு.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கவா?" என்றாள் லைனுக்குள் வந்து.

"நீட்டும்மா, நீட்டு!" என்றது கூண்டு.

"பச்சையம்மாவா பேசறது?" என்று கத்தினாள் கொளஞ்சியம்மாள். "அடியே, வேலையில சேந்துட்டியா?" அதற்கப்புறம் அழுதது யார், சிரித்தது யார் என்று சரியாகத் தெரியவில்லை. லைன் கரகரத்தது.

கண்ணாயிரம் கூண்டிலிருந்து வேர்த்து வழிந்து வெளியே வந்தார். வரிசையில் இருந்த எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். அவர் ஜன்னலருகே போய், "காது வலிக்குதாம்மா?" என்று கேட்டார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, "சீக்கிரம் பேசுங்க வாத்தியாரே, எம் பொண்ணு எம்மாம் நேரமா தனியா சமாளிச்சிக்கினு இருக்கா" என்று அதட்டினார்.

வாரம் முடிந்து மரங்களை அகற்றினார்கள். முதல் பஸ்ஸில் கொளஞ்சியம்மாள் வந்து இறங்கினாள். பையை வாங்கிக்கொள்ளாமல், திண்டில் சாய்ந்திருந்தபடியே, "வந்துட்டியா? காபி போடு" என்றார் கண்ணாயிரம்.

"போன்ல பேசின ஆளு எங்க போனாரு?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

அதிலிருந்து கொளஞ்சியம்மாள் அடிக்கடி அக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். கணவரோடு மனம்விட்டுப் பேசவேண்டுமானால் அவளுக்கு வேறு என்ன வழி? இரண்டு வருஷம் கழித்துக் கண்ணாயிரத்தின் வீட்டுக்கே டெலிபோன் வந்தது. அதற்குப் பட்டு உறை தைத்துப் போட்டார். அதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சேவியர்ராஜ் வாத்தியாரை, அவர் வேலைக்குப் போயிருந்த பள்ளிக்கூடத்து எண்ணில் கூப்பிட்டு, இந்த டெலிபோன் வந்த பிறகு மனிதன் மனிதனைப் பார்ப்பதே நின்றுபோனதைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்களுக்குத் தெரிந்த மாமாவோ, ஆபீஸ் மேனேஜரோ, மாடிவீட்டுக்காரரோ ஞாபகத்துக்கு வந்திருப்பார். அதற்காக ரொம்ப சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இந்த இனத்தின் கணக்கு எளிமையானது: வாய் எதைத் திட்டினாலும், தான் வாங்கிய கடைசிப் பொருள் வரைக்கும் முன்னேற்றம், தன் பிள்ளை வாங்கிய முதல் பொருளிலிருந்து சீரழிவு. உங்கள் வீட்டில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இன்று சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் வாயைத் திறந்ததும் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நீங்களே ஆரம்பிப்பீர்கள் என்றுதான் மரியாதைக்காகக் காத்திருக்கிறார்கள்.